சிங்க் மிஷினும் செவப்பி மாடும்

ராஜமாணிக்கத்துக்கு மிஷின் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். செத்துப்போன மீட்டர்களுக்கு உயிர் கொடுத்துப் பழகிய கை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டில், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறுகிற பெட்டி ஒன்று உண்டு. நிரம்பாவிட்டாலும் சில நாள் அலறும். வாசல் மணியை அழுத்தினால் கூடத்து விளக்கு ஒருமுறை கண்ணடிக்கும். அவர் மனைவி ஆதிலட்சுமி இதற்கெல்லாம் பழகிப்போனவள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எந்த மிஷினையும் அவள் வேண்டாமென்று நினைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. இதையும் மனதுக்குள்தான் நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அது 2003-ஆம் வருடம், புரட்டாசி மாதம். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஏழு வருடம் குடியிருந்த அமெரிக்க அம்மா ஒருத்தி ஊருக்குத் திரும்பிப் போகிறவள், கட்டில் அலமாரியை எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு போர் மோட்டாரை எத்தனையோ தடவை சரிசெய்து கொடுத்த ராஜமாணிக்கத்துக்குக் கிடைத்தது, பெட்டியைவிட்டு வெளியிலேயே எடுக்காத ஒரு மிஷின். சமையலறை சிங்க்குக்கு அடியில் மாட்ட வேண்டியது. காய்த் தோல், மீந்த சோறு என்று எதைப் போட்டாலும் கூழாக அரைத்துத் தண்ணீரோடு தள்ளிவிடும். அந்த அம்மா ஆசையாகத் தன் நாட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள்; வீட்டுக்காரர் சிங்க்கை அறுக்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நல்ல விவரமான வீட்டுக்காரர்.

ராஜமாணிக்கம் சொந்த வீட்டுக்காரர் ஆயிற்றே, அவரை யார் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். அந்த நாட்டு மின்சாரம் வேறு, நம் நாட்டு மின்சாரம் வேறாம். அதற்காக ஊறுகாய் ஜாடி கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சுவரோரம் வந்து உட்கார்ந்துகொண்டது. புடலங்காய்க் குடல், கத்தரிக்காய்க் காம்பு, புளிச் சக்கை என்று ஒரு கை அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கர்ரென்று ஒரு சத்தம். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, விளக்கு மங்கிப் பழையபடி எரிந்தது. சிங்க் காலி.

"பாத்தியா லட்சுமி, இனிமே ஈ கெடையாது, காக்கா கெடையாது, நாத்தம் கெடையாது. அந்த பக்கெட்டும் வேணாம்" என்றார்.

கடைசியாகச் சொன்னதுதான் ஆதிலட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த பக்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஆதிலட்சுமியின் பக்கெட் இல்லை, பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் பக்கெட். கஸ்தூரிக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். பசு இல்லாத வீட்டில் தூக்கம் வராது என்கிற ஜாதி. வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டிய கையோடு கொட்டகையும் போட்டு, செவப்பி என்று ஒரு மாட்டைக் கட்டிவிட்டாள். தினமும் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மார்பளவுச் சுவரின்மேல் ஒரு நீல பக்கெட்டை வைப்பாள். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல் எல்லாம் அதில் போய்ச் சேரும். சாயங்காலம் அவள் எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு ஊற்றுவாள். கழனித் தண்ணியை மாட்டுக்குக் கொடுக்காமல் சாக்கடையில் கொட்டுகிற வீடு அந்தப் பக்கத்தில் இல்லை.

இரண்டு பேரும் வேங்கிக்காலுக்கு வந்தபோது அங்கே கருவேலமுள்ளும் இவர்கள் இரண்டு வீடும்தான். பாம்பு வந்தால் ஒருத்தி கம்பு எடுப்பாள், ஒருத்தி விளக்குப் பிடிப்பாள். ஆதிலட்சுமியின் மகள் கீதாஞ்சலி பாதி நாள் கஸ்தூரி வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். ஒருத்தி வீட்டுச் சமையலறையில் என்ன இருக்கிறது, எது தீர்ந்துபோயிற்று என்று மற்றவளுக்கு மனப்பாடம். அப்படி ஒன்பது வருடம் ஓடியது. அப்புறம் கீதாஞ்சலிக்குக் கல்யாணம் வந்தது. கெட்டது காரியம்.

தை மாதம் கல்யாணம். ஆதிலட்சுமியும் ராஜமாணிக்கமும் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எடுத்துக்கொண்டு, ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். அவர்கள் அப்படி அலைந்த நாளெல்லாம் வீட்டுச் சாவி கஸ்தூரியிடம். பருப்பு புடைத்தது அவள், வடகம் பிழிந்தது அவள், மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் முறுக்குச் சுட்டது அவள். எல்லாம் செய்த அவளுக்கு மட்டும் யாரும் பத்திரிகை வைக்கவில்லை. மறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆதிலட்சுமிக்கு அது தோன்றவே இல்லை. தனக்குத் தானே பத்திரிகை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டா?

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஆதிலட்சுமி வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போனாள். கஸ்தூரி வரவில்லை. தாலி கட்டியாயிற்று, வரவில்லை. எதிர்வீட்டு மணியம்மாள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று கஸ்தூரி கேட்டதாகச் சொன்னாள். ஆதிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கார்டுக்காகவா என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவளுக்கு ஆங்காரம். அத்தனை செய்தும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்று கஸ்தூரிக்கு ஆங்காரம். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றதே தவிர பக்கெட் நிற்கவில்லை. மாடு யாரோடும் சண்டை போடவில்லையே. எட்டு மாதமாகக் காலையில் காலி பக்கெட் சுவருக்கு வரும், சாயங்காலம் நிறைந்த பக்கெட் போகும். பலாப்பழம் வாங்கினால் சுளை எடுத்த சடையைத் தனியாக மேலே வைப்பாள் ஆதிலட்சுமி, செவப்பிக்கு அது உயிர் என்று. ஆடியில் பக்கெட்டின் கைப்பிடி உடைந்தது. மறுநாள் காலை கயிற்றுக் கைப்பிடியோடு வந்தது. கயிற்றின்மேல் பழைய சேலைத் துணியை அழுத்தமாகச் சுற்றித் தைத்திருந்தாள் கஸ்தூரி. தூக்குகிறவள் கையை அறுக்கக் கூடாதென்று. அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஆதிலட்சுமி அன்று சமையலில் உப்புப் போட மறந்தாள்.

இப்படிப்பட்ட பக்கெட்டைத்தான் வேண்டாம் என்கிறார் மனுஷர்.

திங்கட்கிழமை முதல் வீட்டில் திருவிழா. ராஜமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் சொல்லி, தெருவில் சொல்லி, மிஷினைப் பார்க்க ஆள் வந்தபடி இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்ட வேண்டுமே, வீட்டிலிருக்கிற அத்தனை தோலும் அதற்கே பற்றவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக்கூட, மிஷினுக்குத் தண்ணீர் ஜாஸ்தி வேண்டும் என்று சொல்லி அவரே வாங்கி ஊற்றினார். மணியம்மாள் வந்து, இதில் இட்லிக்கு மாவு அரைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றதும் அவளுக்கு மிஷின்மேல் இருந்த மரியாதை அந்த நிமிஷமே போய்விட்டது.

இரண்டாம் நாள் வாழைத்தண்டு நார் சுற்றிக்கொண்டு மிஷின் உறுமிவிட்டு நின்றது. ஆய்வகத்து இடுக்கியை வைத்து ஒரு மணி நேரம் நாரை உருவினார் ராஜமாணிக்கம். பிறகு எழுதிச் சுவரில் ஒட்டினார்: வாழைத்தண்டு போடக் கூடாது, முருங்கைக்காய்ச் சக்கை கூடாது, தேங்காய் நார் கூடாது, மாங்கொட்டை கூடாது, எலும்பு கூடாது, கரும்புச் சக்கை கூடவே கூடாது. இதையெல்லாம் கழித்தால் தன் வீட்டுக் குப்பையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஆதிலட்சுமிக்குப் புரியவில்லை. கரண்ட் போனால் மிஷின் ஓடாது, அது வேறு.

சுவரின்மேல் பக்கெட் திங்கள் காலியாக நின்றது, செவ்வாய் காலியாக நின்றது. இரண்டு நாளும் கஸ்தூரி வந்து காலி பக்கெட்டையே எடுத்துப் போனாள். புதன்கிழமை காலையில் சுவரின்மேல் பக்கெட் இல்லை.

ஆதிலட்சுமி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்த ஒரே ஒரு போக்குவரத்தையும் ஆதிலட்சுமியே அறுத்துவிட்டதாகத்தானே கஸ்தூரி நினைப்பாள்? இனிமேல் என்ன மிச்சம்? அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது கணவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், கஸ்தூரிக்குக் கழனித் தண்ணி போகாமல் இருப்பது நன்றாக இல்லை என்று.

"பேசாதவங்களுக்கு பக்கெட் எதுக்கு?" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஆதிலட்சுமி வேறு பக்கெட் கொண்டுபோய் வைக்கலாம்தான். வைத்தால் கஸ்தூரி எடுப்பாளா? எடுக்காவிட்டால்? அந்த அவமானத்தைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு, பூசணிக்காய்த் தோலைப் போட்டு மிஷினை ஓட்டினாள். பின்னால் சளக் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வேங்கிக்கால் பக்கம் பாதாளச் சாக்கடையெல்லாம் ஏது? சிங்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு கொல்லையில் வாழைமரத்து அடியில் போய் முடியும், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குழாய் வாயில் செவப்பி. கயிறு அறுந்து கழுத்தில் தொங்குகிறது. நடுச்சுவர் முடிந்து கொல்லையில் தொடங்குகிற காட்டாமணக்கு வேலியில் ஒரு மாடு நுழையும் அளவுக்குச் சந்து. பூசணிக் கூழை நக்கி முடித்துவிட்டு, இன்னும் வரவில்லையா என்கிற மாதிரி குழாய்க்குள்ளே மூக்கை விட்டுப் பார்த்தது. கார்த்திகையில் கன்று போட வேண்டிய சினை மாடு, வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆதிலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கப்புறம் ஒரு யோசனை வந்தது.

அன்றிலிருந்து அவள் மிஷினைக் கொண்டாட ஆரம்பித்தாள். உடைந்த பிளாஸ்டிக் டப் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, குழாய் வாய்க்கு நேர் கீழே வைத்தாள். கணவர் போனதும் தோல், சோறு, கஞ்சி என்று ஒவ்வொன்றாக மிஷினில் விட்டாள். சினை மாட்டுக்கு இது போதாதென்று அரிசி மண்டியில் தவிடு வாங்கி வந்து, இரண்டு படி தவிட்டை சிங்க்கில் கொட்டி மிஷினை ஓட்டினாள். அமெரிக்காவில் அந்த மிஷினைச் செய்தவன் பார்த்திருந்தால் நெஞ்சில் கை வைத்திருப்பான். செவப்பியும் லேசுப்பட்டதில்லை, மூன்றே நாளில், கர்ரென்று சத்தம் கேட்டதும் கயிற்று முடிச்சை உருவிக்கொண்டு கொட்டகையிலிருந்து கிளம்பி வரப் பழகிவிட்டது.

சோப்புத் தண்ணீர் மாட்டின் வாய்க்குப் போய்விடக் கூடாதே. அதனால் பாத்திரம் கழுவுவதைத் துணி துவைக்கிற கல்லுக்கு மாற்றிக்கொண்டாள். இவ்வளவு நல்ல சிங்க்கை வைத்துக்கொண்டு ஏன் வெயிலில் உட்கார்ந்து தேய்க்கிறாய் என்று ராஜமாணிக்கம் கேட்டார். மிஷினுக்குள் சோப்புப் போனால் துரு ஏறும் என்று ஒரே போடாகப் போட்டாள். மிஷின்மேல் மனைவிக்கு இத்தனை அக்கறையா என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையும் பள்ளிக்கூடத்தில் சொன்னார்.

இப்படிப் பன்னிரண்டு நாள். கஸ்தூரிக்குத் தெரியாமல் கஸ்தூரியின் மாட்டுக்குத் தீனி போட்டதில் ஆதிலட்சுமிக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம். ஆனால் டப்பைக் கழுவிக் கவிழ்க்கிறபோதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். மாட்டோடு சமாதானம் ஆகி என்ன பிரயோஜனம், மாட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாளே.

பதின்மூன்றாம் நாள், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. செவப்பி டப்பில் வாயை வைத்திருந்தது. வேலிச் சந்தில் காட்டாமணக்குக் கிளையை விலக்கிக்கொண்டு கஸ்தூரி வந்தாள். கொட்டகையில் போட்ட தீவனத்தைச் சரியாகத் தின்னாமல் மாடு எங்கே போய்விட்டு வருகிறது என்று துப்புத் துலக்க வந்தவள். குழாயைப் பார்த்தாள், டப்பைப் பார்த்தாள். குழாய் போகிற சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சிங்க் என்பது அவளுக்குத் தெரியாதா? முகம் சிவந்துவிட்டது.

"ஏண்டி லட்சுமி, உனுக்கு அறிவு இருக்குதா இல்லியா? சினை மாட்டுக்கு சோப்புத் தண்ணியா குடிக்க வெக்கிற?"

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அதிலும் டி போட்டு. ஆதிலட்சுமிக்குக் காது குளிர்ந்தது. வசவு என்பதே உறைக்கவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்றிருந்தது. தவிடு ஒட்டிய கையோடு கொல்லைக்கு ஓடிவந்தவள் துவைக்கிற கல்லைக் கை காட்டினாள். அங்கே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள், தேங்காய் நார், சாம்பல் கிண்ணம்.

கஸ்தூரி கல்லைப் பார்த்தாள். குனிந்து டப்பில் விரலைவிட்டு எடுத்து முகர்ந்தாள். தவிட்டு வாசனை. ஆதிலட்சுமியின் கையைப் பார்த்தாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டாள். பன்னிரண்டு நாளாக என்றாள் ஆதிலட்சுமி. அந்த மிஷின் வந்த கதை, காலி பக்கெட்டின் கதை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். உள்ளே மிஷின் தின்ன ஒன்றுமில்லாமல் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. கேட்டு முடித்த கஸ்தூரி மாட்டின் முதுகில் கை வைத்து, அதன் மயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுப் பொடவை கட்டிக்கினு ஒம்போது மணி வரைக்கும் ஒக்காந்திருந்தேன் லட்சுமி. பூ வெச்சிக்கினு. மண்டபத்துக்கு வேன் கெளம்பற நேரத்துலயாவது, கேட்டுல நின்னு 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு. அவ்ளோதான். கார்டு யாருக்கு வேணும்?"

அந்தப் பட்டுப்புடவை சங்கதி ஆதிலட்சுமிக்குத் தெரியாது. அவள் கற்பனை பண்ணி வைத்திருந்த கஸ்தூரி, அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கட்டிய பட்டோடும் வைத்த பூவோடும் கேட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தவள் இல்லை. ஆதிலட்சுமி அப்படியே வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ முன்னாடியே மண்டபத்துக்குப் போயி சமையல்காரன மெரட்டிக்கினு இருப்பன்னுதானே நெனச்சேன். நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு நம்மள யாரு கூப்புடுவாங்கக்கா? உனுக்குப் பத்திரிக வெச்சா நீ வெளியாளா பூடுவியேக்கா."

கஸ்தூரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செவப்பி டப்பை நக்கித் துடைத்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. உள்ளே மிஷின் நிற்காமல் கத்தியது.

"மொதல்ல அந்த எழவ நிறுத்து. காது போவுது" என்றாள் கஸ்தூரி.

ஆதிலட்சுமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். கொல்லை அமைதியானது. இப்போது கஸ்தூரியை உள்ளே வாவென்று கூப்பிட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே எட்டு மாதம். சரியாகக் கூப்பிட வேண்டும், மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று கண்ணைத் துடைத்து, கையைக் கழுவி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தபடி திரும்பினாள்.

கஸ்தூரி சமையலறைக்குள் நின்றிருந்தாள். துவைக்கிற கல்லோரத் தண்ணீர்க் குழாயில் காலை அலம்பிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே படியேறி வந்துவிட்டிருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அது கூடாது, இது கூடாது என்றால் இது என்ன மிஷின், என் மாடு இதையெல்லாம் தின்னுமே என்று வாய்க்குள் முனகினாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்து, பால் பாத்திரத்தை ஏற்றி, அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் கை வைத்தாள், இல்லை. கீழ்த் தட்டில் பார்த்தாள், அங்கும் இல்லை.

"ஏண்டி, என்ன கேக்காம யாரு உன்ன சக்கர டப்பாவ எடம் மாத்தி வெக்கச் சொன்னா?"